திருடனைப் பிடிக்கலாம், பிடித்த பிறகு?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நலச் சங்கச் செயலாளராக இருக்கிறேன். சென்ற மாதம் ஓர் இரவு ஒரு மணியளவில், வாகன நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை எங்கள் காவலாளி பார்த்துச் சத்தம் போட்டார். ஓடியவரைக் காவலாளியும் குடியிருப்பாளர்கள் இருவரும் வாயிலருகே மடக்கிப் பிடித்தனர். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவரைத் தூணில் கட்டிவைத்து, முந்தைய மாதம் காணாமல்போன இரண்டு சைக்கிள்களைப் பற்றியும் விசாரித்தோம், சிலர் அடித்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டார். அதைக் காணொளி எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தோம். காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். இப்போது அவருடைய தாயார் எங்கள் மீது புகார் கொடுத்திருக்கிறார். திருடனைப் பிடிக்கப் பொதுமக்களுக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது அல்லவா? எல்லாவற்றையும் காவலாளிதான் செய்தார் என்று சொல்லிவிடலாம் என உறுப்பினர்கள் சிலர் கருதுகிறார்கள். இனி ரோந்துக் குழு அமைத்து, சந்தேகப்படுவோரைப் பிடிக்க அதற்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்ற இருக்கிறோம். தங்கள் ஆலோசனை தேவை.

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, நீங்கள் எதையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் நானும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இரவு ஒரு மணிக்கு வாயிலருகே அந்த மூவரும் செய்ததைப் பெரும்பாலும் சட்டத்தின் துணையோடு நியாயப்படுத்த முடியும். அதற்குப் பிறகு காலை ஒன்பது மணிவரை நடந்தவற்றில் எதற்கும் சட்டத்தின் துணை இல்லை; அவற்றுள் சில தனித்தனிக் குற்றங்கள். இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து "நாங்கள் திருடனைப் பிடித்தோம்" என்ற ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தால், நியாயமாக நடந்துகொண்ட முதல் கட்டமும் இரண்டாவதோடு சேர்ந்து அடிபட்டுப்போகும்.

தனிநபர் கைது செய்யும் அதிகாரம் நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதிதன்று. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 43-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 40-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவர் தம் முன்னிலையில், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதும் ஜாமீனில் விடத்தகாததுமான குற்றத்தைச் செய்பவரையோ, நீதிமன்றத்தால் பிரகடனம் செய்யப்பட்ட குற்றவாளியையோ கைது செய்யலாம், அல்லது கைது செய்விக்கலாம் என்றும், தேவையற்ற தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் அவரைக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், காவல் அலுவலர் இல்லாத நிலையில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் அந்தப் பிரிவு கூறுகிறது. 'கைது செய்விக்கலாம்' என்று இருப்பதால், குற்றத்தைக் கண்ணால் கண்ட காவலாளிக்கு, அதைக் காணாத இரு குடியிருப்பாளர்கள் துணைநின்றதில் தவறில்லை.

ஆனால் எந்தக் குற்றமானாலும் பிடிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, ஜாமீனை உரிமையாகக் கோர முடியாதது என்ற இரண்டு தன்மைகளும் ஒரே குற்றத்தில் சேர்ந்திருக்க வேண்டும். கொலை, கொள்ளை, வழிப்பறி, ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தாக்குதல் போன்றவற்றில் இரண்டும் உண்டு. வேலை எதுவுமின்றி வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்தவர் மீது வழக்குப் பதியலாம் என்றாலும், அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமே. எனவே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார் என்பதற்காக மட்டும் ஓர் அந்நியரைக் கைது செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. கைகலப்பில் ஒருவரை அறைந்தவருக்கும் இதுவே பொருந்தும். சாலை விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் ஓட்டுநரைக் கூட்டம் சூழ்ந்து பிடித்துவைப்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் அந்தக் குற்றமும் சாதாரணமாக ஜாமீனில் விடக்கூடியதே. அந்த ஓட்டுநர் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமற்போகும் சூழலுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

திருட்டைப் பொறுத்தவரை, புதிய சட்டம் வந்தபின் ஒரு நுட்பம் சேர்ந்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமுதாயப் பணியே தண்டனை. அத்தகைய சிறு திருட்டை நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணை, பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாததாகவும் ஜாமீனில் விடக்கூடியதாகவும் வகைப்படுத்தியுள்ளது. அதே பேட்டரி, மனிதர் வசிக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ, பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ திருடப்பட்டால் 305-ஆம் பிரிவு வருகிறது. அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு, ஜாமீனும் உரிமையன்று. உங்கள் வாகன நிறுத்துமிடம் குடியிருப்புக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே அமைந்திருந்தால் 305-ஆம் பிரிவு பொருந்தும் என்று வாதிட நல்ல இடமுண்டு. சுற்றுச்சுவருக்குள் திறந்தவெளியாக இருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். ஆகவே உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் காட்ட வேண்டியவை கட்டட வரைபடமும், அந்த பேட்டரி வாங்கிய ரசீதும்.

நள்ளிரவில் ஓடும் ஒருவரைத் துரத்தும் காவலாளி இந்தப் பிரிவுகளையெல்லாம் எண்ணிப் பார்த்தா ஓட முடியும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். உண்மை நிலவரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, சட்டம் தமக்கு அனுமதி தந்திருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்த செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் இதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டே தனிநபர் கைதுதான்: ஒருவர் கொலை செய்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, பார்த்தவர் நல்லெண்ணத்தோடு அவரை அதிகாரிகள்முன் நிறுத்துவதற்காகப் பிடிக்கிறார், பிறகு, பிடிபட்டவர் தற்காப்புக்காகவே அவ்வாறு செய்தார் என்று தெரிந்தாலும், பிடித்தவர் குற்றவாளியல்லர். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு இரண்டு வரம்புகள் உண்டு. உரிய கவனமின்றிச் செய்ததைச் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்பதில்லை. மேலும், மன்னிக்கப்படுவது உண்மை நிலவரம் பற்றிய பிழை மட்டுமே. சட்டம் பற்றிய பிழைக்கு மன்னிப்பில்லை. பேட்டரியின் மதிப்பைக் காவலாளி அதிகமாக நினைத்துவிட்டார் என்று சொன்னால் நீதிமன்றம் கேட்கும். திருடனைக் கட்டிவைத்து அடிக்கலாம் என்றே நினைத்திருந்தோம் என்று சொன்னால் கேட்காது.

சைக்கிள்களின் விஷயத்துக்கு வருகிறேன். 'தம் முன்னிலையில்' என்ற நிபந்தனைதான் இந்த அதிகாரத்தின் அடித்தளம். முந்தைய மாதம் காணாமல்போன சைக்கிள்களை இவர் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை; கேமராப் பதிவை மறுநாள் போட்டுப் பார்த்து அடையாளம் கண்டிருந்தாலும் அது முன்னிலை ஆகாது. பழைய திருட்டுகளைப் பற்றிய ஐயத்தைக் காவல்துறையிடம் புகாராகத் தரலாமே தவிர, அதற்காக ஒருவரை ஒரு நிமிடம்கூடப் பிடித்துவைக்க முடியாது. இந்த நிபந்தனையைச் சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது ஒரு கசப்பான சான்று. 2020 பிப்ரவரியில் அங்கே தெருவில் ஓடிக்கொண்டிருந்த அஹ்மாட் ஆர்பெரி என்ற கறுப்பின இளைஞரை, அப்பகுதியில் முன்பு நடந்த திருட்டுகளோடு தொடர்புபடுத்தி ஐயப்பட்ட வெள்ளையர் மூவர் வாகனங்களில் துரத்தினர். அவர்களுள் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். குடிமகன் கைது செய்யும் உரிமையைப் பயன்படுத்தினோம் என்று அவர்கள் நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். நடுவர்குழு அதை ஏற்கவில்லை. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, அதே ஆண்டு மே மாதத்தில், 1863 முதல் இருந்துவந்த அந்தக் கைதுச் சட்டத்தை ஜார்ஜியா நீக்கிவிட்டது. ஐயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் நல்லவர்களும் எங்கே போய் நிற்பார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் குடியிருப்பிலும் அந்த இரவு வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும்.

கைது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கும் விதிகள் உள்ளன. அவற்றுள் பல காவல் அலுவலரை மட்டுமல்லாமல் கைது செய்யும் 'பிற நபரையும்' கட்டுப்படுத்துகின்றன. பிடியாணையின்றிக் கைது செய்பவர் எவராயினும் காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47-ஆம் பிரிவு. கைது பற்றியும் வைத்திருக்கும் இடம் பற்றியும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் தர வேண்டும் என்கிறது 48-ஆம் பிரிவு. அந்தத் தாயாருக்கு இரவு முழுவதும் தம் மகன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் இருந்திருந்தால், அவருடைய புகாரில் முதலில் எழுதப்பட்டிருப்பது அதுவாகத்தான் இருக்கும். எதிர்ப்பவரை வசப்படுத்தத் தேவையான வழிகளைக் கையாள 43-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்க அது உரிமை தருவதில்லை. கைதானவர் தப்பிவிடாமல் தடுப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாக அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது 46-ஆம் பிரிவு. சுற்றிலும் ஆட்கள் நிற்க, கதவுள்ள அறையும் இருக்க, ஓர் இளைஞரைத் தூணோடு சேர்த்துக் கட்டியதற்கு இந்தப் பிரிவின்கீழ் விளக்கம் சொல்வது எளிதன்று.

பையையும் கைபேசியையும் சோதித்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கைதானவரிடம் தாக்கும் ஆயுதம் இருந்தால் பிடித்தவர் அதை எடுத்துவைத்து ஒப்படைக்கலாம். அதற்கு மேல் உடலையும் உடைமையையும் சோதிக்கும் அதிகாரம், தனிநபர் கைதில், அவரைப் பெற்றுக்கொள்ளும் காவல் அலுவலருக்கே உரியது. கைபேசியைத் திறக்கவைத்துப் பார்த்திருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆறு மணி நேரம் என்ற வரையறை பழைய சட்டத்தில் இல்லை, புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதைப் பலரும் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். தேவையற்ற தாமதம் கூடாது என்பதே விதி. ஆறு மணி நேரம் என்பது தொலைவும் வழியும் இடையூறாக இருக்கும் சூழலிலும் தாண்டக் கூடாத எல்லை. அவசர உதவி எண்ணான 112-க்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்ற நிலையில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கே காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்டது எட்டு மணி நேரம். இரு வகையிலும் விதி மீறப்பட்டிருக்கிறது. ஒரு மணிக்குச் சட்டப்படி தொடங்கிய காவல், அழைக்க முடிந்தும் அழைக்காமல் விசாரணையில் இறங்கியபோதே முறையற்ற அடைத்துவைப்பாக மாறிவிட்டது என்றே நான் கருதுகிறேன். அதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

எழுதி வாங்கிய ஒப்புதலைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. அதை உங்கள் பலம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அதுவே உங்கள் மீதான வழக்கின் மிக வலுவான ஆவணம். நீதிமன்றத்துக்கு வெளியே தனிநபர்களிடம் தரப்படும் ஒப்புதல் பலவீனமான சான்று என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அடித்து வாங்கியதற்கு அந்தச் சிறு மதிப்பும் இராது. மறுபுறம், ஒப்புதலைக் கறப்பதற்காக அடைத்துவைப்பது 127-ஆம் பிரிவின்கீழ் கூடுதல் தண்டனைக்குரியது. ஒப்புதலுக்காகக் காயம் விளைவிப்பதற்கு 120-ஆம் பிரிவு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. நீங்கள் பிடித்த நபர்மீது சாட்டப்படும் திருட்டைவிடக் கனமான குற்றச்சாட்டு இவ்வாறு உங்கள் பக்கம் வந்து நிற்கக்கூடும். கையால் தொடாதவர்களும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். பொது எண்ணத்தோடு சேர்ந்து செய்ததற்கும், ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடிச் செய்ததற்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு. கும்பல் வன்முறையை மாநில அரசுகள் எவ்வாறு தடுக்க வேண்டும் என்று 2018 ஜூலையில் தெசீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. இப்போது, சாதி, மொழி, பிறந்த இடம், தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களால் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்யும் கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று 103-ஆம் பிரிவே தனியாகக் கூறுகிறது. அந்த இளைஞரிடம் எந்த ஊர்க்காரன் என்று கேட்டு யாரும் அடிக்கவில்லை என்று நம்புகிறேன்.

தற்காப்புரிமை என்பது இதிலிருந்து வேறானது. திருட்டு நடந்துகொண்டிருக்கும்போது பொருளைக் காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம்; கைதுக்கு இடமில்லாத சிறு குற்றங்களிலும் தடுக்கும் உரிமை உண்டு. ஆனால் பொருள் மீண்டு, ஆளும் அடங்கியபின் காப்பதற்கு எதுவும் மீதமில்லை.

இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். காணொளியை இனி எவரும் பகிரக் கூடாது என்று குழுவில் இன்றே எழுதுங்கள். அந்த இளைஞருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்று தெரியவந்தால், அவர் அடையாளத்தை வெளியிட்டதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றமாகும். அதேவேளை மூலக் காணொளியையும் கேமராப் பதிவையும் அழித்துவிடாதீர்கள். சான்றை அழிப்பது இன்னொரு குற்றம். யார் எப்போது வந்தார், யார் என்ன செய்தார் என்பதை நினைவு மங்குவதற்குள் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி வழக்கறிஞரிடம் கொடுக்கட்டும். முறையற்ற அடைத்துவைப்பு போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அது வழக்கறிஞர் வழியாக, அவர்கள் மனமொப்பி வரும்போது மட்டுமே நடக்க வேண்டும். கூட்டமாகப் போய் அந்தத் தாயாரின் வீட்டு வாசலில் நின்று பேசுவது மிரட்டலாகவே பதிவாகும், தயவுசெய்து போகாதீர்கள். திருட்டு தொடர்பான உங்கள் புகாரைத் திரும்பப் பெறத் தேவையில்லை. அது தன் வழியில் நடக்கட்டும். அவரைக் காவல்துறை மறுநாளே வெளியில் விட்டிருந்தாலும் பொருமாதீர்கள். ஏழு ஆண்டுகள் வரை தண்டனையுள்ள குற்றங்களில் அறிவிப்பு அனுப்பி விசாரிப்பதுதான் பொதுவான நடைமுறை.

ரோந்துக் குழுவுக்கான தீர்மானத்தைக் கைவிடுங்கள். சட்டம் ஒரு தனிநபருக்குத் தந்திருப்பதைவிட ஓர் அணு கூடுதலாக எந்தச் சங்கமும் தன் உறுப்பினருக்குத் தர முடியாது. சீருடை அணிந்த தனியார் காவலாளிக்கும் இதுதான் நிலை. 'சந்தேகப்படுவோரைப் பிடிப்பது' என்று எழுதிக் கையெழுத்திட்டால், நாளை ஏதேனும் நேரும்போது திட்டமிட்டே செய்தீர்கள் என்பதற்கு நீங்களே சான்று கொடுத்தவர்களாவீர்கள். விளக்குகளைச் சரிசெய்வதும், இரவில் இருவராகச் சுற்றிவந்து, ஏதேனும் கண்டால் சத்தம் எழுப்பி 112-ஐ அழைப்பதும் எந்தத் தீர்மானமும் இல்லாமலே செய்யக்கூடியவை. இனி ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டால், காரணத்தைச் சொல்லி உட்காரவைத்து, உடனே அழைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, காவலர் வரும்வரை ஒரு கேள்வியும் கேட்காமல் இருங்கள். அவரை ஒப்படைத்ததும், கண்ணால் கண்டவர் தாம் கண்டதைப் புகாராக எழுதித் தந்து அதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளட்டும்.

பழியைக் காவலாளி மேல் போடும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உங்கள் கடிதத்தின்படி அந்த இரவில் தம் கடமையைச் சட்டத்துக்குள் நின்று செய்தவர் அவர்தான்: பார்த்தார், சத்தம் போட்டார், பிடித்தார். அதன்பின் கட்டியதும் அடித்ததும் எழுதி வாங்கியதும் கூடியிருந்த உறுப்பினர்கள். பொய்யான வாக்குமூலம் குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் தரப்பில் உண்மையிலேயே வலுவான ஒரே சாட்சி அவர். அவரைக் குற்றவாளியாக்கினால் கைது நியாயமாகத் தொடங்கியது என்று சொல்ல உங்களுக்கு ஆளிருக்காது. மாதச் சம்பளத்தில் வாழும் அவரால் தனக்கென்று ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள முடியாமல் போகலாம். அவர் நலன் உங்களுடைய நலனிலிருந்து வேறுபடக்கூடும் என்பதால் உங்கள் வழக்கறிஞரே அவருக்கும் வாதாடுவது சரியாகாது. சங்கத்தின் செலவில் அவருக்குத் தனி வழக்கறிஞரை அமர்த்துங்கள். செலவு சங்கத்துக்கு இயலாதென்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவர் இலவசச் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கச் செயலாளராகிய நீங்களே உடன் செல்லுங்கள்.